வங்கி தரும் கடனும் வீடு தாங்கும் கடனும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒன்பது ஆண்டுகளாக மாதம் 8,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 42,000 ரூபாய். நான் தனியார் பள்ளி ஆசிரியை. என் சம்பளம் 14,000. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். செம்மண்டலம் பக்கம் 38 லட்சத்துக்கு ஒரு தனி வீடு வந்திருக்கிறது. இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்து, 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்கு 30 லட்சம் வரை தருவதாக வங்கி சொல்கிறது. வைப்புநிதியும் எடுத்த சீட்டுப் பணமுமாகக் கையில் 11 லட்சம் உண்டு. பைக் கடனுக்கு மாதம் 3,200 வீதம் இன்னும் பதினோரு மாதம் கட்ட வேண்டும். துண்டு விழும் பணத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். துணியலாமா?

பதில்: இந்த வீட்டுக்கு இந்தக் கணக்கோடு துணிய வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன்.

8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். 30 லட்சத்துக்கு 26,035 ரூபாய் வரும். உங்கள் இருவர் சம்பளத்தில் இது 46 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பைக் தவணையையும் சேர்த்தால் 52 விழுக்காடு. பொதுவாக வங்கிகள் எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கின்றன. பைக் கடன் விரைவில் முடியப் போவதால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். வங்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பார்ப்பது தன் பணம் திரும்ப வருமா என்பதை. வராவிட்டால் வீட்டுப் பத்திரம் அதன் கையில் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தக் கணக்கில் வராது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் 14,000 ரூபாயை வங்கி பன்னிரண்டு மாதமும் வருகிற பணமாக எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் பல தனியார் பள்ளிகளில் மே மாதச் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அது இல்லாத மே மாதத்தில் உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். 42,000 வருகிறது, 26,035 வீட்டுத் தவணைக்கும் 3,200 பைக்குக்கும் போகிறது, மிஞ்சுவது 12,765. அதில் மளிகை, பால், சிலிண்டர், மின்கட்டணம் எல்லாம் முடிந்து, ஜூன் முதல் வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று பள்ளி பட்டியல் நீட்டும்போது மறுபடி நகைதான் அடகுக் கடைக்குப் போகும். ஆனால் அந்த நகையைத்தான் பத்திரப் பதிவுக்கே வைத்துவிட்டீர்களே.

ஆகவே இருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு நான் சொல்லும் கணக்கு வேறு. எந்தச் சம்பளம் நிலையானதோ அதை முழுதாகவும், மற்றதைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையில் 40 விழுக்காட்டுக்குள் எல்லாத் தவணைகளும் அடங்க வேண்டும். உங்களுக்கு அது 49,000 ரூபாயில் 40 விழுக்காடு, அதாவது 19,600. பைக் கடன் முடிந்த பிறகு இந்தத் தொகை தாங்கக்கூடிய வீட்டுக் கடன் 22 லட்சம். தவணை ஏறத்தாழ 19,100. இது சட்டமும் அல்ல, வங்கி விதியும் அல்ல. முதியோர் மருத்துவச் செலவு உள்ள வீட்டுக்கு இதுவும் அதிகம்.

அடுத்தது கைப்பணம். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 38 லட்சத்துக்கு இது மட்டுமே 3 லட்சத்து 42 ஆயிரம். ரிசர்வ் வங்கி விதிப்படி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் இந்தச் செலவை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட முடியாது. கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். ஆக 30 லட்சம் கடன் வாங்கினாலும் உங்களுக்கு 11 லட்சத்து 42 ஆயிரம் தேவை. அதற்கு மேல் வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், வங்கியில் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணப் பதிவு, மின் இணைப்பும் பட்டாவும் பெயர் மாற்றுவது, குடிபோகும் செலவு என்று ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். நகைக்கடனுக்கும் வட்டி உண்டு. அதையும் மாதத் தவணையாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் கடன் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். மாறும் வட்டிக் கடன் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது, ஓராண்டுகூட ஆகவில்லை. உங்கள் 30 லட்சத்துக்கு 9.5 விழுக்காடானால் தவணை 27,960-க்குப் போகும். தவணையை ஏற்றாமல் பழைய 26,035-ஐயே கட்டினால் 240 மாதக் கடன் 308 மாதமாக நீளும். வட்டி 10.5 விழுக்காடாக ஏறினால், முதல் மாத வட்டியே 26,250. நீங்கள் கட்டுவது வட்டிக்கே காணாது.

வருமான வரி மிச்சமாகும் என்று தரகர் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைப்பது பழைய வரி முறையில் மட்டுமே. உங்கள் வருமான அளவுக்குப் புதிய முறையில் வரியே வராது. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? அதேபோல், கடனுக்கான ஆயுள் காப்பீடு என்று ஒரு பெருந்தொகையைக் கடனோடு சேர்த்து, அதற்கும் 20 ஆண்டு வட்டி வாங்கும் வழக்கம் உண்டு. அது கட்டாயம் அல்ல. கணவர் பெயரில் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுப்பது பெரும்பாலும் மலிவு. அதை அவசியம் எடுங்கள்.

கடலூரில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததையும், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி வீடுகளுக்குள் வந்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்த வீட்டைப் பார்த்தாலும் உள்ளே வண்ணம் புதிதாக அடித்திருக்கும்; பக்கத்து வீட்டு மதில் சுவரைப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு அங்கே தெரியும். அப்படி ஒரு கோடு இருந்தால், சம்பளத்தைத் தவணைக்கே கொடுத்துவிட்ட குடும்பம் அடுத்த வெள்ளத்தில் மோட்டாருக்கும் குளிர்பெட்டிக்கும் எதை எடுத்துக் கொடுக்கும்?

22 லட்சம் கடன், கையில் உள்ள 11 லட்சம், அதில் 2 லட்சத்தைத் தொடாமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்வது என்று பார்த்தால் பதிவுச் செலவு உட்பட 31 லட்சம் ஆகிறது. ஏறத்தாழ 28 லட்சத்து வீடுதான் உங்கள் எல்லை. இதை நம்ப முடியவில்லை என்றால் ஒத்திகை பாருங்கள். மே, ஜூன் இரண்டும் உள்ளே வருமாறு ஆறு மாதம், சம்பளம் வந்த அன்றே 11,000 ரூபாயை வங்கி ஆர்டியில் (மாதாந்திரத் தொடர் சேமிப்பில்) போட்டுவிடுங்கள். உங்கள் வாடகைக்கும் 22 லட்சக் கடன் தவணைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 30 லட்சம்தான் வேண்டும் என்றால் 18,000 போட வேண்டும். எத்தனையாவது மாதத்தில் கை நடுங்குகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். அதற்குள் செம்மண்டலத்து வீடு கைமாறிவிடும். மாறட்டும்.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். 2021-இல் 7 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு 25 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். அன்று முதல் ஒரு மாதம்கூடத் தவறாமல் 19,400 ரூபாய் கட்டி வருகிறேன். இப்போது அறிக்கையைப் பார்த்தால் வட்டி 8.25, அசல் பாக்கி 23.5 லட்சம், இன்னும் 261 மாதம் என்று இருக்கிறது. நான் வாங்கியதே 240 மாதத்துக்குத்தான்! என் சம்பளம் இப்போது 62,000. என்ன செய்வது?

பதில்: தவறு எதுவும் நடக்கவில்லை; உங்களிடம் கேட்காமல் நடந்ததுதான் குறை. வட்டி ஏறியபோது வங்கி தவணையை அப்படியே விட்டுக் காலத்தை நீட்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். 2025-இல் ரெப்போ படிப்படியாகக் குறைந்ததால்தான் 261-க்காவது இறங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் தவணை சம்பளத்தில் 31 விழுக்காடுதான். மாதம் 3,000 கூட்டி 22,400 ஆக்கினால் அது 36 விழுக்காடாகும். காலமோ 261-லிருந்து ஏறத்தாழ 186 மாதமாகக் குறையும். மூவாயிரம் ரூபாய்க்கு ஆறு ஆண்டுக்கு மேல் மிச்சம் என்பது நம்பக் கடினமாக இருக்கும். அறிக்கையை வைத்து வங்கியிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு தவணைகள் இருந்தால் மட்டும் இதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். அந்த உத்தரவைக் குறிப்பிட்டு, தவணையை 22,400 ஆக மாற்றும்படி கிளைக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்த அபராதம் கிடையாது. ஆகவே போனஸ் வருகிற மாதத்தில் ஒரு தொகையை அசலில் கழித்துக்கொள்ளவும் தடையில்லை. அப்படிக் கட்டும்போது தவணை குறைய வேண்டுமா, மாதங்கள் குறைய வேண்டுமா என்று கேட்பார்கள். மாதங்கள் என்று எழுதுங்கள்.