வெள்ளம் வடிந்த பிறகு வரும் பில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். மழை நின்று, தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு பணம் எப்படியெல்லாம் பறிபோனது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வெள்ளத்தின்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. தெருமுனைக் கடையில் பால் பாக்கெட்டை அச்சிட்ட விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றார்கள். மெழுகுவர்த்தி, பிஸ்கெட் எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை. "இந்த மழையில் கொண்டுவந்து கொடுக்கிறோமே அம்மா" என்றார் கடைக்காரர். கைக்குழந்தை இருந்ததால் பேசாமல் வாங்கிவிட்டேன். பணம் கொடுத்து வாங்கிய பிறகு புகார் செய்ய முடியுமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: முடியும். நீங்கள் சம்மதித்துத்தானே வாங்கினீர்கள் என்ற வாதம் இதில் எடுபடாது. பொட்டலப் பொருளில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடைக்காரரும் விற்கக் கூடாது என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அதில் விலக்கு இல்லை. பழைய விலையை மறைத்துக் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதும் தவறுதான்.

பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விலை தெரியும்படி அதைப் படம் எடுங்கள். யுபிஐ மூலம் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்தால் துண்டுச் சீட்டிலாவது பில் கேளுங்கள். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறையாகவே கருதுகிறது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

அச்சிட்ட விலை இல்லாத பொருள்களில்தான் நமக்குக் காப்பு இல்லை. தக்காளி, வெங்காயம், அளந்து வெட்டித் தரும் தார்ப்பாய், படகுக் கூலி ஆகியவற்றுக்குப் பேரிடர்க் காலத்தில் இவ்வளவுதான் வாங்கலாம் என்று கட்டிப்போடும் பொதுவான சட்டம் இந்தியாவில் கிடையாது. 2015 டிசம்பரில் சென்னையில் ஒரு லிட்டர் பால் 100 ரூபாய்க்கு விற்றதாகச் செய்திகள் வந்தன. விலை அச்சிட்ட பொருளுக்கே அந்த நிலை என்றால் மற்றவற்றைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் மனம் இருந்தால் அரசால் செய்ய முடியும். 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில், 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். தண்ணீர் கேனுக்கும் தார்ப்பாய்க்கும் இதே போன்ற உச்சவரம்பு புயல் எச்சரிக்கை வரும் நாளிலேயே வர வேண்டும். கடைக்காரரின் மனசாட்சியை நம்பிக் கைக்குழந்தைக்காரர்களை விட்டுவைப்பது நிர்வாகம் ஆகாது.

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாலை அறுந்து, சுற்றுவழியில் டெம்போ பிடித்துச் சரக்குக் கொண்டுவந்தேன். வாடகை பல மடங்கு. கொஞ்சம் விலையைக் கூட்டினால் கொள்ளைக்காரன் என்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் கடையைத் திறந்து வைத்ததே ஊருக்குச் செய்த உதவி.

காய்கறி, அரிசி, பருப்பு போன்று அளந்து விற்கும் பொருள்களில், கூடிய வண்டி வாடகையைப் பிரித்து விலையில் சேர்ப்பதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கொள்முதல் ரசீதையும் வண்டி வாடகை ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். விலையைப் பலகையில் எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு விலை சொன்னால் சந்தேகம் தானாக வரும். வெள்ளத்துக்கு முன்பே கடையில் இருந்த பழைய சரக்குக்கும் புது வாடகையைச் சேர்த்தால், அது வேறு வழி இல்லாத மக்களிடம் பிடுங்குவதுதான். பொட்டலப் பொருளில் மட்டும் உங்கள் செலவு எவ்வளவாக இருந்தாலும் அச்சிட்ட விலையைத் தாண்டக் கூடாது. கட்டுப்படியாகாத பொருளைக் கொண்டுவராமல் இருக்கலாம். கூட்டி விற்க வழியில்லை. ஒருவருக்கு இத்தனை பாக்கெட்தான் என்று வரம்பு வைத்தால் பதுக்கலும் குறையும், உங்கள் பெயரும் கெடாது.

கேள்வி: தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஃபிரிட்ஜைப் பார்க்க வந்த மெக்கானிக் வருகைக் கட்டணமே 800 ரூபாய் வாங்கினார். திறந்து பார்த்து ஐந்து நிமிடத்தில் "கேஸ் போய்விட்டது, கம்ப்ரஸரும் போய்விட்டது, 11,000 ரூபாய் ஆகும், பாதி முன்பணம் வேண்டும்" என்றார். பக்கத்து மூன்று வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார். நம்பலாமா? (முடிச்சூர் வாசகர்)

பதில்: நான்கு வீட்டு ஃபிரிட்ஜுக்கும் ஒரே நோய் என்று ஐந்து நிமிடத்தில் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் முழுவதும் வெல்டிங் செய்து மூடப்பட்ட இரும்புக் கூடு. வாயு அதற்குள்ளும் அதோடு இணைந்த குழாய்களுக்குள்ளும் அடைபட்டிருக்கிறது. தண்ணீரில் நின்றதால் மட்டும் வாயு வெளியேறாது. ஃபிரிட்ஜ் மிதந்து, கவிழ்ந்து, குழாய் விரிசல் விட்டிருந்தால்தான் அப்படி நடக்கும். வெள்ளத்தில் முதலில் கெடுவது வெளியே இருக்கும் மின் பாகங்கள்: ஸ்டார்ட்டிங் ரிலே (மோட்டாரைக் கிளப்புவது), ஓவர்லோடு (மோட்டார் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது), ஒயர் முனைகள், புது மாடல்களில் எலக்ட்ரானிக் போர்டு. ரிலேயும் ஓவர்லோடும் விலை குறைந்தவை. போர்டு விலை கூடியதுதான். ஆனாலும் கம்ப்ரஸர், கேஸ் எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகைக்குப் பெரும்பாலும் அருகில் வராது.

அதனால் அவசரப்படாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி, சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, பின்பக்க மூடியைத் திறந்து சில நாள் நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதால்தான் பிழைத்திருக்க வேண்டிய போர்டும் மோட்டாரும் எரிந்துபோகின்றன, உயிருக்கும் ஆபத்து. அதற்குள் வீட்டு ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். பிறகு மெக்கானிக்கை அழைத்து, மீட்டர் வைத்து உங்கள் கண் முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். வாயு இல்லை என்றால் எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கசிவை அடைக்காமல் வாயு நிரப்பினால் மீண்டும் போய்விடும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும்.

எந்தப் பாகம், அதன் விலை, கூலி எவ்வளவு, வேலைக்கு எத்தனை மாதப் பொறுப்பு என்று தாளில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு நிபந்தனையைக் கேட்டவுடனேயே 'போய்விட்ட' கம்ப்ரஸர் பல வீடுகளில் உயிர் பெற்றுவிடுகிறது. கம்பெனி வாரண்டி பெரும்பாலும் வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தாது. இருந்தாலும் கம்பெனியின் சேவை மையத்தில் பதிவு செய்து அவர்களுடைய மதிப்பீட்டையும் வாங்கிவையுங்கள். பேரம் பேச அது உதவும். ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமை இணையதளத்திலும் பல நிறுவனங்களின் சேவை விவரங்கள் இருக்கின்றன.

நான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே மெக்கானிக்கை ஒரே நாளில் அழைத்தால் வருகைக் கட்டணத்தை ஒரு முறை கொடுத்தால் போதும் என்று பேசலாம். 800 ரூபாய் அதிகம்தான். ஆனால் அதைச் சட்டத்தால் திரும்ப வாங்குவது கடினம். கூலிக்கு யாரும் வரம்பு வைக்கவில்லை. வருவதற்கு முன்பே தொலைபேசியில் கட்டணத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரில் இருக்கை வரை தண்ணீர். காப்பீட்டு மதிப்பு 4 லட்சம். பணிமனையில் 2,60,000 ரூபாய்க்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் என்ஜின். காப்பீட்டு நிறுவனம் என்ஜினுக்குத் தர முடியாது என்கிறது. பணிமனையோ முடிவு சொல்லும் வரை நாளொன்றுக்கு நிறுத்தக் கட்டணம் கேட்கிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. (பெரும்பாக்கம் வாசகர்)

பதில்: முதலில் ஒரு கேள்விக்கு நீங்கள் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும்: தண்ணீர் நிற்கும்போதோ வடிந்த பிறகோ காரை ஸ்டார்ட் செய்தீர்களா? முழு வழக்கும் இதில்தான் இருக்கிறது.

ஓன் டேமேஜ் எனப்படும் சொந்தச் சேதக் காப்பு உள்ள பாலிசியில் வெள்ளமும் புயலும் சேர்ந்தே இருக்கின்றன. நின்ற காரில் தண்ணீர் ஏறினால் அது வெள்ளச் சேதம். ஆனால் தண்ணீர் உறிஞ்சிய என்ஜினை இயக்கினால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாமல், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் பூட்டிக்கொள்ளும். இதை உரிமையாளரின் செயலால் பின்னர் வந்த சேதம் என்று சொல்லி நிறுவனங்கள் மறுக்கின்றன. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால்தான் அங்கே கை கொடுக்கும். நீங்கள் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் அதை எழுத்தில் தெரிவித்து, எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்திலேயே கேளுங்கள். என்ஜினைப் பிரித்துப் பார்க்கும்போது, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் நியமிக்கும் சர்வேயர் அங்கே இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ராடு வளையாத என்ஜினுக்குப் பெரும்பாலும் ஆயிலை மாற்றிச் சுத்தம் செய்தால் போதும். முழு என்ஜினை மாற்ற மதிப்பீடு போடுவது பணிமனைக்கு லாபம்.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கருதித் தொகையைத் தர வேண்டும். உங்கள் காருக்கு அந்தக் கோடு 3 லட்சம். மதிப்பீடு அதற்கு அருகில் இருக்கிறது. பிரித்த பிறகு இன்னும் பாகங்கள் சேரலாம். வேலையைத் தொடங்க அனுமதி கொடுத்துவிட்டுப் பிறகு இதைப் பேசினால் பயன் இல்லை. வேறு ஒரு பணிமனையிலும் மதிப்பீடு வாங்குங்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி ஆகியவற்றுக்குச் சாதாரணப் பாலிசியில் 50 சதவீதத் தேய்மானம் பிடிப்பார்கள். அதை உங்கள் கையிலிருந்து போடும் தொகையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காரை இழுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை பாலிசியே தரும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

நிறுத்தக் கட்டணத்துக்கு அவர்கள் முன்கூட்டி எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களா? இல்லையென்றால் ஏற்க மறுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். தாமதம் சர்வேயரால் என்றால் அந்தக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோருங்கள்.

நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார்; கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு ஐந்தாண்டு காப்பீடு கொடுக்கிறார்கள். அந்த ஐந்தாண்டும் மூன்றாம் நபருக்கான காப்பு, அதாவது உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு மட்டுமே. சொந்தச் சேதக் காப்பு பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். 'இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று நம்பி வெள்ளத்துக்குப் பிறகு ஏமாந்தவர்கள் ஏராளம். இன்றே எடுத்துப் பாருங்கள். மழை வந்த பிறகு சொந்தச் சேதக் காப்பைச் சேர்த்துப் பயன் இல்லை.

கேள்வி: அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்ற தண்ணீரை வெளியேற்ற டீசல் பம்ப் வைத்தவர், மணிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு இரவு முழுவதும் ஓடியதாகக் கணக்குக் காட்டுகிறார். (பள்ளிக்கரணை குடியிருப்போர் சங்கம்)

பதில்: பேசிய தொகை எழுத்தில் இல்லை என்றால் சமரசமாகப் போவதே நல்லது. அடுத்த முறை மணிக் கணக்கில் பேசாமல் தண்ணீர் வடியும் வரை மொத்தமாகப் பேசுங்கள். சங்கத்தில் ஒருவர் தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் பம்போடு சேர்த்துப் படம் எடுக்கட்டும். மழைக்கு முன்பே இரண்டு பம்புக்காரர்களிடம் விலை பேசி ஒப்பந்தம் போட்டுவைக்கும் சங்கங்கள் இருக்கின்றன. அதுவே மலிவு.

கேள்வி: சிறு தொகைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது வீண் அலைச்சல் இல்லையா? (கடலூர் வாசகர்)

பதில்: 1915 உதவி எண்ணில் பதிவு செய்தாலே பல நிறுவனங்கள் இறங்கிவருகின்றன, அதனால் அங்கே தொடங்குங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நீங்களே வாதாடலாம். 2025 ஜனவரி முதல் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் வசதி இருக்கிறது. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், மதிப்பீட்டுத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், தண்ணீர் நின்ற அளவு தெரியும் படம் ஆகியவற்றை இப்போதே ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு நகலை வெளியூரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். நனைந்த அலமாரியோடு பில்லும் போய்விட்டது என்றுதான் பாதிக் கடிதங்களில் எழுதியிருக்கிறார்கள்.