12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள், எனக்கு ஏன் பிடிக்கிறார்கள்?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 38, ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மாதம் 45,000 வாங்குகிறார். 7 வயதில் ஒரு மகள். சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டுக் கடனில் 21 லட்சம் பாக்கி, வட்டி 8.6 சதவீதம், இன்னும் 12 வருடம் கட்ட வேண்டும். வட்டி மட்டும் வருடத்துக்குச் சுமார் 1,80,000 போகிறது. பி.எஃப். 86,400, மகளுக்குச் செல்வமகள் சேமிப்பு 60,000, ஆயுள் காப்பீடு 24,000 கட்டுகிறேன். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எங்களுக்கு 23,600, அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு 35,400. போன ஏப்ரலில் வழக்கம்போல பழைய வரி முறையையே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போது உடன் வேலை செய்பவர்கள், "புதிய முறைக்கு மாறிவிடு, செல்வமகள், இன்ஷூரன்ஸ் எதுவும் இனி தேவையில்லை" என்கிறார்கள். சீட்டு முடிந்து 6 லட்சம் கைக்கு வரப்போகிறது. மனைவிக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அதை அவர் பெயரில் டெபாசிட் போடலாமா?

பதில்: மாறுங்கள். உங்கள் கணக்குக்குப் புதிய முறைதான் லாபம். பழைய முறையில் சேமிப்பு, காப்பீடு, கடன் வட்டி என்று பலவற்றை வருமானத்தில் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள்; புதிய முறையில் அந்தக் கழிவுகள் பெரும்பாலும் இல்லை, ஆனால் வரி விகிதம் குறைவு. ஆனால் நண்பர்கள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பாதி உங்கள் மகளுக்கும் பெற்றோருக்கும் கெடுதல் செய்யும்.

முதலில் அந்த 12 லட்சம். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 12 லட்சம் வரையிலான வருமானத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புதிய முறையில் வரி 4 லட்சத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15 என்று ஏறிக்கொண்டே போய், 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கும் இந்தக் கணக்குப்படி 60,000 ரூபாய் வரி வருகிறது. அந்த 60,000-ஐத் தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவுதான். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி கிடையாது. கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: 12,10,000 வருமானம் என்றால், கூடுதலாக வந்த 10,000-க்கு மேல் வரி கேட்க மாட்டார்கள். இந்தச் சலுகையும் 12.7 லட்சத்தோடு தீர்ந்துவிடும். சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவு இருப்பதால் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை. நீங்கள் அதையும் தாண்டி இருக்கிறீர்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பழைய முறையில் 15 லட்சத்தில் நிலையான கழிவு 50,000, சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000 (நீங்கள் கட்டுவது 1,70,400, ஆனாலும் உச்சவரம்பு அவ்வளவுதான்), வீட்டுக் கடன் வட்டி 1,80,000, மெடிக்கல் பிரீமியம் 59,000 எல்லாம் போக 10,61,000 மிஞ்சும். அதற்கு வரி 1,30,800. வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 1,36,032. புதிய முறையில் 75,000 மட்டும் கழித்தால் 14,25,000. வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. வித்தியாசம் 38,532 ரூபாய். 2024-25 நிதியாண்டின் விகிதப்படி புதிய முறையில் இதே சம்பளத்துக்கு 1,30,000 வந்திருக்கும். அப்போது இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் நீங்கள் மாறாமல் இருந்தது தப்பே இல்லை. 2025-26-லிருந்து நிலைமை மாறிவிட்டது.

15 லட்சம் சம்பளத்தில் பழைய முறை ஜெயிக்க வேண்டுமென்றால், நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5,44,000 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். உங்களிடம் இருப்பது 3,89,000. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் பெற்றோர் இருக்க, சென்னையில் மாதம் 28,000 வாடகை கொடுத்து வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 80சி-யோடு வீட்டு வாடகைப்படிக் கழிவும் கடன் வட்டியும் சேர்ந்து 5,44,000-ஐத் தாண்டிவிடக்கூடும். அவர்கள் பக்கத்து மேஜைக்காரர் மாறினார் என்பதற்காக மாறக் கூடாது. பேப்பர் பேனா எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

அலுவலகத்தில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் பணம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். ஜூலை 31-க்குள் தாக்கல் செய்யுங்கள்; கூடுதலாகப் பிடித்தது உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். வரும் ஏப்ரலில் அலுவலகத்தில் கேட்கும்போது புதிய முறை என்றே எழுதிக் கொடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா பள்ளி ஆசிரியர். பிப்ரவரிச் சம்பளத்தில் பெரும்பகுதி வரிப் பிடித்தத்துக்கே போய்விடும், அந்த மாதம் எங்கள் வீட்டில் மளிகைக்கடைப் பாக்கி எழுதாமல் இருந்ததில்லை. வரியைக் குறைக்க அவர் வருடா வருடம் தபால் நிலையத்தில் தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்குவார். துணிக்கடை மஞ்சள் பையில் பத்திரங்களை மடித்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைப்பார். அவர் அதை என் படிப்புக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை, "டாக்ஸுக்கு" என்றுதான் சொல்லுவார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அந்தப் பைதான் ஃபீஸ் கட்டியது.

நம் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் சேமிப்பு இப்படித்தான் நடந்திருக்கிறது. ஆசைப்பட்டுச் சேர்த்தது கொஞ்சம். வரிக்குப் பயந்து சேர்த்தது அதிகம். புதிய முறை வரியையும் குறைத்துவிட்டது, அந்தப் பயத்தையும் எடுத்துவிட்டது. இந்தச் சீர்திருத்தத்தில் எனக்குக் கவலை தருவது இந்த ஒரு இடம்தான். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற குடும்பங்களில் சிலர் புதிய முறைக்கு மாறிய அடுத்த மாதமே ஃபண்டு, பி.பி.எஃப். எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பணம் எங்கே என்று கேட்டால், எதற்குச் செலவானது என்றே அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

செல்வமகள் கணக்கை நிறுத்தாதீர்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. புதிய முறையில் கிடைக்காமல் போவது, பணம் போடும்போது கிடைக்கும் கழிவு மட்டும்தான். வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை என்பது அப்படியே இருக்கிறது. செல்வமகளுக்கு 8.2 சதவீதம் தருகிறார்கள், அது முழுசாக மகளுக்கு. 6.5 சதவீத வங்கி டெபாசிட்டில் உங்களுக்கு வரி போகக் கையில் நிற்பது 5.5 சதவீதம்கூட இல்லை. இந்த வித்தியாசத்துக்கு 80சி-யோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 15 வருடம் கட்ட வேண்டிய கணக்கு அது. மாதம் 5,000-ஐ அப்படியே தொடருங்கள்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸை, அதுவும் பெற்றோருடையதை, விட்டுவிடலாமா என்ற யோசனையே வேண்டாம். வரிக் கழிவு போனது உண்மைதான். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களின் பாலிசி ஒருமுறை காலாவதியானால், புதிதாக எடுக்கும்போது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மறுபடி காத்திருப்புக் காலம் போடுவார்கள். எடுக்கவே முடியாமலும் போகலாம். இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது. உங்கள் 59,000-ல் 9,000 ரூபாய் வரியாகத்தான் போயிருக்கிறது. அடிப்படை பிரீமியத்தைக் கம்பெனி ஏற்றாவிட்டால், அடுத்த முறை 50,000 கட்டினால் போதும். ரின்யூவல் நோட்டீஸ் வந்ததும் பழைய ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. குறைந்ததில் சோப்பு, ஷாம்பு, பற்பசை, நெய் என்று மளிகையிலும் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

வருடம் 24,000 கட்டுகிற ஆயுள் பாலிசியில் காப்புத் தொகை எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள். இந்த மாதிரி சேமிப்பு பாலிசிகளில் பெரும்பாலும் சில லட்சங்கள்தான் இருக்கும். நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆனால் 21 லட்சம் கடனை உங்கள் மனைவி 45,000 சம்பளத்தில் கட்ட வேண்டிவரும். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. முதலில் ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் (சேமிப்பு எதுவும் இல்லாமல், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருகிற பாலிசி) எடுங்கள். அதற்கும் இப்போது ஜி.எஸ்.டி. இல்லை. அது கைக்கு வந்த பிறகு, பழைய பாலிசிக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று பார்த்துத் தொடரலாமா, கட்டியவரைக்கும் நிறுத்தி வைக்கலாமா என்று முடிவு செய்யலாம்.

அப்புறம் அந்த 6 லட்சம். மனைவி பெயரில் போடலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற பலன் கிடைக்காது. கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டியைச் சட்டம் கணவனின் வருமானத்தோடுதான் சேர்க்கிறது. 6.5 சதவீதம் என்றால் 39,000 வட்டி. அதற்கு உங்கள் கையிலிருந்து 6,084 ரூபாய் வரி போகும். நேர்வழி ஒன்று இருக்கிறது, எத்தனையோ வீடுகளில் தெரியாமலேயே கடைப்பிடிக்கிறார்கள்: வீட்டுச் செலவு முழுவதும் உங்கள் சம்பளத்தில் நடக்கட்டும், மனைவியின் சம்பளம் அவர் பெயரிலேயே சேமிப்பாகட்டும். அது அவர் சம்பாதித்த பணம், அதன் வட்டி அவருடையது, அவருக்கு வரியும் இல்லை. அவர் ஃபண்டோ பங்கோ விற்று லாபம் பார்த்தால் மட்டும் கவனம் தேவை. அந்த லாபத்துக்குத் தனி வரி விகிதம்; 12 லட்சத் தள்ளுபடி அதற்குப் பொருந்தாது.

அந்த 6 லட்சத்தை நான் இரண்டாகப் பிரிப்பேன். மருத்துவமனைச் செலவுக்கோ வேலை போனாலோ உடனே எடுக்கிற மாதிரி 3 லட்சம் வங்கியில் இருக்கட்டும். மீதி 3 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். வட்டிக்குக் கழிவு கிடைத்த வரைக்கும் கடனை இழுத்துக்கொண்டே போவதில் ஓர் அர்த்தம் இருந்தது. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவே கிடையாது. ஆகவே 8.6 சதவீதம் என்பது இனி முழுசாக 8.6 சதவீதம். அந்தக் கடனை அடைப்பது, வரியே இல்லாமல் 8.6 சதவீதம் சம்பாதிப்பதற்குச் சமம். இவ்வளவு தருகிற டெபாசிட் எந்த நல்ல வங்கியிலும் இல்லை. மிதக்கும் வட்டிக் கடன் (வட்டி அவ்வப்போது மாறுகிற கடன்) என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

நிறுவனத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள். புதிய முறையிலும் மிச்சமிருக்கிற பெரிய கழிவு, முதலாளி உங்கள் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போடுகிற பணம். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை போடலாம். உங்கள் பி.எஃப். தொகையைப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 60,000 இருக்கும். அப்படியானால் வருடத்துக்கு 1,00,800 ரூபாயை இந்த வழியில் மாற்ற முடியும். 15,700 ரூபாய் வரி குறையும். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஓய்வுக் காலம் வரை கைக்கு வராது, மாதச் சம்பளமும் 8,400 குறைந்து வரும். கடன் தவணை இருக்கும்போது அது இறுக்கமாக இருக்கும் என்று பட்டால், இரண்டு வருடம் கழித்துச் செய்யுங்கள்.

கடைசியாக, வரியில் மிச்சமாகிற 38,532. மாதத்துக்கு 3,200 ரூபாய். இதுதான் இந்தச் சீர்திருத்தம் உங்கள் வீட்டுக்குக் கொடுத்தது, செலவுக் கணக்கில் கலந்துவிட்டால் அடையாளமே தெரியாது. இதில் 3,000-ஐ வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்துக் கட்டுங்கள். இப்போது தவணை சுமார் 23,400 கட்டுவீர்கள், அது 26,400 ஆகும். வட்டி மாறாவிட்டால் இது ஒன்றிலேயே கடன் இரண்டு வருடத்துக்கு மேல் முன்னதாக முடியும். 3 லட்சத்தையும் கட்டினால் இன்னும் சீக்கிரம். ஏப்ரல் சம்பளம் வருவதற்குள் வங்கிக் கிளைக்குப் போய், சம்பளத் தேதிக்கு மறுநாள் தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். 3 லட்சம் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.