முத்திரை இருந்தும் பூஞ்சணம் ஏன்?

கேள்வி: கொழும்புத் துறைமுகம் வழியாகத் தேயிலை அனுப்புகிறோம். பொதிகளை அடுக்கும் மரத்தட்டுகளில் (pallets) வெப்பமூட்டியதைக் குறிக்கும் ‘எச்.டி.’ (HT) முத்திரை இருந்தும் பூஞ்சணம் பிடிக்கிறது. வெப்பமூட்டியதில் குறைபாடா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அவ்வாறு முடிவுகட்ட வேண்டாம். மரப் பொதிப்பொருட்களுக்கான சர்வதேசத் தாவரநலத் தரமான ஐ.எஸ்.பி.எம். 15 (ISPM 15) விதி வெப்பமூட்டலில் கேட்பதெல்லாம், பலகையின் மையம் உட்பட முழுத் தடிப்பும் குறைந்தது 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடங்கள் இருக்க வேண்டும் என்பதே; பூச்சிகளைக் கொல்வதே அதன் நோக்கம், மரத்தை உலர்த்துவதன்று. ஆகவே, சூடேற்றிய பின்னும் ஈரப்பதன் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், நமது புழுக்கத்தில், அதுவும் மூடிய கொள்கலனுக்குள், பூஞ்சணம் பிடிக்கவே செய்யும். கொள்வனவின்போது ஈரமானியால் நீங்களே அளந்து பாருங்கள். வெப்பப் பதிவேட்டையும் கேளுங்கள்: வெப்ப உணரி மிகத் தடித்த பலகையின் நடுவில் செருகப்பட்டிருந்ததா என்பதே முக்கியம், சூளைக் காற்றின் வெப்பநிலையை மட்டும் காட்டும் தாளை நான் ஏற்கமாட்டேன்.