கோபுரம் இல்லை, தரிசனமும் இல்லை: அம்மாவை இசேவுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: நவம்பரில் அம்மாவுடன் ஜப்பான் போகிறேன். ஒசாகாவில் நான்கு நாள் இருப்போம். அதில் ஒரு நாள் இசே கோயிலுக்குப் போய்வரலாம் என்று ஆசை. ஆனால் போய்வந்த நண்பர், “உள்ளே விடமாட்டார்கள், போட்டோ எடுக்க முடியாது, அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை” என்கிறார். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். செப்டம்பரில் பெரியப்பா தவறிவிட்டதால் கோயிலுக்குப் போகலாமா என்ற தயக்கமும் அவருக்கு இருக்கிறது. ஒரே நாளில் முடியுமா? போவதில் அர்த்தம் உண்டா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இசேயில் மூலவரைப் பார்க்க முடியாது. மூலவர் இருக்கும் கட்டடத்தையும் பார்க்க முடியாது. சுற்றி நான்கு அடுக்கு மரவேலி. வெளிவேலி வாசலில் ஒரு வெள்ளைத் திரை தொங்கும். அதன் முன் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்ளே மூலவராக இருப்பது சூரிய தேவி அமதெராசுவின் முகம் பார்க்கும் கண்ணாடி. சிதம்பர ரகசியத்துக்காவது திரையை விலக்கிக் காட்டுவார்கள். இங்கே அதுவும் கிடையாது. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அழைத்துப் போனால், “இவ்வளவு தூரம் வந்து சாமியையே பார்க்கலையே” என்ற பேச்சை ஒசாகா திரும்பும்வரை கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும். என் சொந்த அனுபவம் இது.

அப்படியென்றால் எதைப் பார்க்கப் போவது? பக்கத்தில் உள்ள காலி மனையை.

சன்னிதியை ஒட்டி அதே அளவில் ஒரு வெற்றிடம் இருக்கும். கூழாங்கல் பரப்பி, நடுவில் ஒரு சின்ன மரக்குடில் மட்டும். அடுத்த கோயில் எழப்போகும் இடம் அது. 20 வருடத்துக்கு ஒருமுறை மொத்தக் கோயிலையும் அந்த மனையில் புதிதாகக் கட்டி, தேவியை அங்கே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். நம் ஊரில் 12 வருடத்துக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, கும்பாபிஷேகம் நடத்துகிறோமே, அந்த எண்ணத்துக்குப் பக்கத்தில்தான் இதுவும். ஆனால் நாம் கல்லை வைத்துக்கொண்டு சுதையைப் புதுப்பிக்கிறோம். அவர்கள் கட்டடத்தையே விட்டுவிட்டு, கட்டும் கையை வைத்துக்கொள்கிறார்கள். 690-ல் ஜித்தோ பேரரசி காலத்தில் தொடங்கிய வழக்கம். நடுவில் உள்நாட்டுப் போர்களால் 120 வருடத்துக்கும் மேல் நின்றுபோய், மறுபடி பிடித்துக்கொண்டார்கள். 62-வது மாற்றம் 2013 அக்டோபர் 2 இரவு நடந்தது. விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, வெள்ளைப் பட்டுத் திரை மறைவில் கண்ணாடியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்தது 2033. அதற்கான சடங்குகள் 2025 மே மாதமே ஆரம்பித்துவிட்டன.

பழைய மரம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கோயிலுக்குள் நுழைய உஜி பாலம் என்ற மரப்பாலத்தைக் கடப்பீர்கள். அதன் இரண்டு முனையிலும் தோரி வாசல் நிற்கும். அவற்றின் தூண்கள் பழைய சன்னிதிகளின் கூரையைத் தாங்கிய ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத் தூண்கள். 20 வருடம் சன்னிதியில், அடுத்த 20 வருடம் பாலத்தில், அதற்கடுத்த 20 வருடம் பழைய யாத்திரைப் பாதையில் செக்கி, குவானா என்ற ஊர்களில் வாசலாக நிற்கும். அம்மாவை அந்தத் தூண் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். சாமி தங்கியிருந்த வீட்டுத் தூண் என்று சொன்னால் போதும், மீதியை அவரே புரிந்துகொள்வார்.

இனி பயணம். ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால் முழங்கால் வலியோடு அது வேண்டாம், ஓரிரவு இசேயிலேயே தங்குங்கள். காரணம், இசே என்பது ஒரு கோயில் அல்ல. சின்னதும் பெரியதுமாக 125 சன்னிதிகள் சேர்ந்தது. முக்கியமானவை இரண்டு: ஊர் நடுவில் கெக்கூ என்ற வெளிக்கோயில், அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி நைக்கூ என்ற உட்கோயில். முதலில் கெக்கூ, பிறகு நைக்கூ என்பது சம்பிரதாயம்.

ஒசாகா நம்பா ஸ்டேஷனிலிருந்து கின்டெட்சு ரயில்வேயின் எக்ஸ்பிரஸ் நேராக இசேஷி ஸ்டேஷனுக்குப் போகிறது. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். சாதாரண டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் தனியாக எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் ஜே.ஆர். நிறுவன ரயில்களுக்காக வாங்கும் ஜே.ஆர். பாஸ் கையில் இருந்தாலும் இந்த ரயிலில் செல்லாது. இதற்காகவே பாஸ் வாங்கலாமா என்று யோசித்தால், வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ, ஒசாகா மட்டும் போய்வருகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

முதல் நாள் மதியம் இசேஷியில் இறங்கி, பெட்டிகளை ஹோட்டலில் போட்டுவிட்டு, 3 மணிக்குள் கெக்கூவில் இருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். இங்கே இருப்பவர் தொயோவுகே, உணவுக்கான தேவி. நைக்கூவில் உள்ள அமதெராசுவுக்கு நைவேத்தியம் இந்தக் கெக்கூவில்தான் ஆகிறது, தினம் இரண்டு வேளை. ஏறக்குறைய 1,500 வருடமாக ஒருநாளும் விடாமல் நடக்கிறது என்பது கோயில் மரபு. அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 9, மாலை 3 மணி. மரத்தோடு மரம் கடைந்து எடுத்த நெருப்பில் சமைத்ததை, வெள்ளை உடையில் அர்ச்சகர்கள் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். சடங்கு வேலிக்குள் நடக்கும். வழியில் அவர்கள் நடந்துபோவது கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அரிசி கோயிலின் சொந்த வயலில் விளைந்தது, உப்பு பக்கத்து ஃபுதாமியில் காய்ச்சியது. படையலில் மீனும் உண்டு. அதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

நவம்பரில் மாலை 5 மணிக்கு இரண்டு கோயில்களையும் மூடிவிடுவார்கள். திறப்பது விடியற்காலை 5 மணி. கட்டணம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை 7 மணிக்கெல்லாம் நைக்கூவில் இருங்கள். 10 மணிக்குமேல் சுற்றுலா பஸ்கள் வந்து குவிந்துவிடும். கெக்கூ வாசலிலிருந்து பஸ் இருக்கிறது, 15 முதல் 20 நிமிஷம். கெக்கூவில் இடது ஓரமாக நடப்பது வழக்கம், இங்கே வலது ஓரம். நடுப்பாதை சாமி நடப்பதற்கு. செருப்பைக் கழற்ற வேண்டாம். இது நம்மவர்களுக்கு ரொம்ப உறுத்தும். அம்மா தன்னையறியாமல் வாசலில் குனிவார், பாருங்கள். பாதை முழுக்கச் சரளைக்கல், கால் புதையும். அதனால் செருப்பும் வேண்டாம், பட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுவிடுங்கள். சேலைக்கு ஷூவா என்று மறுத்தாலும் விட்டுவிடாதீர்கள். முடியாவிட்டால் இரண்டு கோயில்களிலும் சக்கர நாற்காலி இரவலாகத் தருகிறார்கள்.

பாலம் தாண்டிப் போனால் இசுசு ஆற்றங்கரையில் ஒரு கல்படித்துறை வரும். பாதிப்பேர் குழாயடி மாதிரி இருக்கும் தொட்டியிலேயே அகப்பையில் மொண்டு கை அலம்பிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஆற்றுக்கு இறங்குங்கள். நவம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், தண்ணீர் கையைக் கடிக்கும்.

சன்னிதிக்கு முன்னால் ஒரு மாடி ஏறுவதுபோல் கல்படிகள். படிக்குக் கீழேயே கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். அம்மாவால் ஏற முடியாவிட்டால் கீழே நின்றே கும்பிடலாம். மேலே இரண்டு முறை நன்றாகக் குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். உண்டியல் கிடையாது, வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள், காசு போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஒரு விஷயம்: இங்கே வேண்டுதல் வைக்கும் பழக்கம் இல்லை, நன்றி சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். வேண்டிக்கொள்ள நைக்கூவில் அரமத்சுரி-நொ-மியா என்ற தனிச் சன்னிதியும், கெக்கூவில் தகா-நொ-மியாவும் உண்டு. பின்னதற்கு 98 படிகள். அம்மாவுக்கு வேண்டாம்.

அரமத்சுரிக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தால் வேலிக்கு மேல் மூலக்கட்டடத்தின் கூரை நுனி தெரியும். கூரை முகட்டில் குறுக்கே படுத்திருக்கும் உருண்டைக் கட்டைகளை எண்ணுங்கள். நைக்கூவில் 10, கெக்கூவில் 9. முகட்டில் கத்தரிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மரங்களின் நுனியை நைக்கூவில் படுக்கையாகவும் கெக்கூவில் செங்குத்தாகவும் சீவியிருப்பார்கள். ஒன்று ஆண் தெய்வத்துக்கு, மற்றது பெண் தெய்வத்துக்கு என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இரண்டிலும் இருப்பவர் தேவிதான் என்பதால் நான் அதை நம்புவதில்லை.

தீட்டு விஷயத்தில் அம்மாவின் தயக்கம் அங்கேயும் புரியக்கூடியதே. வீட்டில் நெருங்கியவர் இறந்தால் 50 நாள்வரை தோரி வாசலைத் தாண்டாத வழக்கம் ஜப்பானியர்களிடமும் உண்டு. செப்டம்பருக்கும் உங்கள் பயணத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 50 தாண்டிவிட்டால் அவர்கள் கணக்கிலும் தடையில்லை.

சாப்பாடு. இசேவின் பெயர்போன உடோன், விரல் தடிமனில் மெத்தென்று வெந்த நூடுல்ஸ். நடந்து களைத்த யாத்ரீகர் வயிற்றுக்கு இதமாக, வந்ததும் சட்டென்று கொடுக்க ஏற்றது என்று வந்த உணவு. பார்க்கச் சைவம்போல் இருக்கும். அந்தக் கறுப்புச் சாற்றில் மீன் இருக்கிறது. மிசோ சூப், காய்கறிக் கூட்டு, எதிலும் இதே கதைதான். அம்மாவுக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். கோயில் வளாகத்துக்குள் பிரிக்காதீர்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அந்தக் கடைத்தெரு ஒஹராய்மாச்சி, சுமார் 800 மீட்டர். நடுவில் ஒக்காகே யொகோச்சோ என்று பழைய காலத் தெருபோல் 1993-ல் கட்டிய பகுதி. அழகுதான், ஆனால் எனக்குக் கொஞ்சம் சினிமா செட் வாடை. அங்கே விற்கும் நாய் பொம்மையை மட்டும் பார்த்துவிடுங்கள். எடோ காலத்தில் (1603–1868) தம்மால் வர முடியாதவர்கள் நாயின் கழுத்தில் காசும் சீட்டும் கட்டி அனுப்புவார்கள். வழியில் யாத்ரீகர்கள் சோறு போட்டுக் கூட்டிவந்து, பிரசாதத்தோடு திருப்பி அனுப்புவார்கள். இப்போது நாய்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலில் காவலர்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

வீடுகளின் வாசலைக் கவனியுங்கள். மற்ற ஊர்களில் புத்தாண்டோடு கழற்றிவிடும் வைக்கோல் கயிற்றுத் தோரணம், இசேயில் வருடம் முழுக்கத் தொங்கும். நம் மாவிலைத் தோரணத்தை அவிழ்க்காமல் விட்டுவைப்போமே, அதுபோல.

ஃபுதாமியில் கயிறு கட்டிய தம்பதிப் பாறைகள் உண்டு. பாறைகளுக்கு நடுவே சூரியன் எழுவது கோடையில்தான். நவம்பரில் விட்டுவிடலாம்.

கிளம்பும் முன் ஒஹராய்மாச்சியில் அகாஃபுக்கு தலைமைக் கடைக்குப் போங்கள். 1707-லிருந்து இருக்கிறது, விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடும். மோச்சி என்ற பசை அரிசிப் பலகாரத்தின் மேல் இனிப்புப் பயற்று விழுது. பயறு நம் காராமணிக்கு உறவு, முட்டையும் இல்லை, மீனும் இல்லை. விழுதின் மேல் விரலால் இழுத்த மூன்று வரிகள் இசுசு ஆற்றின் ஓட்டம், அடியில் இருக்கும் வெள்ளை மோச்சி ஆற்றுக் கூழாங்கல். வறுத்த தேநீரோடு தருவார்கள். அம்மா இரண்டாவது தட்டு கேட்பார் என்று நினைக்கிறேன். ஊருக்கு எடுத்துப்போக மட்டும் ஆசைப்படாதீர்கள், இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. ஒரு பெட்டி வாங்கி ரயிலிலேயே முடித்துவிடுங்கள். எடுத்துச் சாப்பிட மரத்தகடு பெட்டிக்குள்ளேயே இருக்கும்.