துடைப்பத்துக்கு ஓர் அருங்காட்சியகம்

கேள்வி: ராஜஸ்தானில் துடைப்பங்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாமே? பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வாங்கித் தேய்ந்ததும் எறிந்துவிடும் பொருளில் பாதுகாக்க என்ன இருக்கிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, ஜோத்பூருக்கு அருகே மோக்லாவாஸ் கிராமத்தையொட்டி, மணற்கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தில் அமைந்திருக்கும் அர்ணா ஜர்ணா அருங்காட்சியகத்தை. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் கோமல் கோத்தாரியின் மனத்தில் உருவான திட்டம் அது. 1960இல் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தான் என்னும் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய அவர், லங்கா, மாங்கணியார் என்னும் ராஜஸ்தானின் பரம்பரை இசைச் சமூகங்களைச் சேர்ந்த கலைஞர்களை உலகம் அறியச் செய்துவிட்டு 2004இல் மறைந்தார்.

ராஜஸ்தானை மாவட்டங்களாகப் பார்க்காமல், கம்பு விளையும் பகுதி, சோளம் விளையும் பகுதி, மக்காச்சோளம் விளையும் பகுதி என்று மக்கள் உண்ணும் தானியத்தைக் கொண்டு பகுத்துப் பார்த்தவர் கோத்தாரி. துடைப்பமும் அந்தப் பகுப்புக்கு உட்பட்டதுதான். ஏனெனில் எந்த மண்ணில் எந்தப் புல் முளைக்கிறதோ, அதுவே அவ்வூர்த் துடைப்பமாகிறது. வீட்டுக்குள் பெருக்க மென்மையான புல்லைக் கட்டுகிறார்கள். முற்றத்துக்கும் தொழுவத்துக்கும் மூங்கில் சிம்புகளும் முரட்டுக் குச்சிகளும் வேண்டும். நம் வீடுகளில் பூந்துடைப்பமும் ஈர்க்குமாறும் தனித்தனியே இருப்பதைப் போன்றதே இது. துடைப்பத்தை லட்சுமியாகக் கருதிக் காலால் மிதிக்காத வழக்கமும் அங்கே உண்டு. ஆனால் அதைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சமூகத்தின் விளிம்பில் வைக்கப்பட்டவர்கள் என்பதையும், பொருளுக்குக் கிடைக்கும் மரியாதையில் சிறு பங்குகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிலையை வடித்தவனின் திறமையை அரசரின் கருவூலம் காப்பாற்றியது. புல்லை எந்தப் பருவத்தில் அறுப்பது, எப்படி உலர்த்துவது, அவிழாதபடி எப்படி முடிச்சிடுவது என்று அறிந்த கைகளுக்கு அப்படி ஒரு புகலிடம் இருந்ததே இல்லை. பிளாஸ்டிக் துடைப்பம் வந்த பிறகு அந்த அறிவு ஒரே தலைமுறையில் மறைந்துவிடக்கூடியது. ஆகவே, விலை குறைந்த பொருள் என்பதே அதைப் பாதுகாப்பதற்கு முதல் காரணம் என்பேன்.

கேள்வி: அங்கே துடைப்பம் மட்டும்தான் இருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. மண்பாண்டங்களும் நாட்டுப்புற இசைக்கருவிகளும் உள்ளன. பாலைவனச் செடிகளும் புற்களும் வளாகத்திலேயே வளர்வதால், மூலப்பொருளையும் அதிலிருந்து உருவான பொருளையும் ஒரே இடத்தில் காணலாம். மழைக்காலம் முடிந்த கையோடு சென்றால், அந்த நிலம் பச்சை பிடித்திருக்கும்.