லுகாரா, சித்தியோவா, பிளாசாவா?

கேள்வி: மாட்ரிடுக்குப் படிக்கப் போகிறேன். ஸ்பானிஷ் ஓரளவு வரும். ஆனால் 'இடம்' என்று சொல்ல வாயெடுத்தாலே லுகார், சித்தியோ, எஸ்பாசியோ, பிளாசா, லோகால் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. எதை எங்கே சொல்வது?

பதில்: போவது மாட்ரிட் என்பதால் பாதிக் கவலையை விடுங்கள். ஸ்பெயினில் அன்றாடப் பேச்சுக்குச் சித்தியோ போதும். சாப்பிட நல்ல இடம், உட்கார இடம், பெட்டியில் இன்னும் இரண்டு சட்டை திணிக்க இடம், எல்லாமே சித்தியோதான். மெட்ரோவில் ஒரு சீட்டில் பை மட்டும் இருந்தால் "எஸ்தா ஒக்குபாதோ எஸ்தே சித்தியோ?" (இந்த இடத்தில் ஆள் இருக்கிறதா?) என்று கேளுங்கள், பையை எடுத்துவிட்டு உட்காரச் சொல்வார்கள்.

லுகார் கொஞ்சம் எழுத்து நடை. பேச்சில் சொன்னாலும் தப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பிறந்த இடம் 'லுகார் தே நசிமியெந்தோ'தான். 'தெனேர் லுகார்' என்றால் நடைபெறுவது, 'என் லுகார் தே' என்றால் பதிலாக. இவற்றை அப்படியே மனப்பாடம் பண்ணிவிடுங்கள், உள்ளே சித்தியோவை நுழைக்க வேண்டாம். எஸ்பாசியோ வெற்றிடம், அவ்வளவுதான்: போனில் படம் சேமிக்க இடமில்லை என்றாலும் அதுதான், விண்வெளியும் அதுதான்.

மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது பிளாசாவில். பிளாசா மயோர் மாதிரி ஊர்ச் சதுக்கம் மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். எண்ணி, ஆளுக்கு இன்னது என்று ஒதுக்குகிற இடமும் பிளாசாதான். கல்லூரி சீட், விடுதியில் இடம், கார் நிறுத்த வாடகைக்கு எடுக்கும் இடம் எல்லாம் இதில் சேரும். ஐந்து பேர் உட்காரும் கார் 'ஐந்து பிளாசா' கார். ரென்ஃபே ரயில் டிக்கெட்டில் 'கோச்சே' என்பதற்கு நேரே இருப்பது பெட்டி எண், 'பிளாசா'வுக்கு நேரே இருப்பது உங்கள் சீட் எண். ஒரு வகுப்பில் சேரப் போய் "நோ கேதான் பிளாசாஸ்" என்று பதில் வந்தால் சீட் தீர்ந்துவிட்டது, அடுத்த வகுப்பைப் பாருங்கள். (மாட்ரிட்காரர் வாயில் இது 'பிளாத்தா' என்று கேட்கும், எஸ்பாசியோ 'எஸ்பாத்தியோ' ஆகும்.)

வீடு தேடும்போது 'சே அல்கீலா லோகால்' என்ற போர்டைப் பார்த்து போன் போடாதீர்கள், அது கடை வைக்கிற இடம். உங்களுக்கு வேண்டியது பிசோ, அதாவது ஃபிளாட், இல்லையென்றால் அபித்தாசியோன், அதாவது அறை. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்தவர்கள் இடமில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ரூம் இல்லை' என்பதை நினைத்துக்கொண்டு காரில் அபித்தாசியோன் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். காரில் படுக்கையறை இல்லை என்றுதான் கேட்பவருக்குப் புரியும். "நோ அய் சித்தியோ" என்றால் போதும்.

அப்புறம், உடன் படிப்பவர்கள் எல்லாரும் ஸ்பெயின்காரர்களாக இருக்க மாட்டார்கள். உட்கார இடம் இருக்கிறதா என்று அர்ஜென்டினாக்காரர் லுகார் போட்டுக் கேட்பார், கொலம்பியாக்காரர் புவெஸ்தோ என்பார், கோஸ்டா ரிக்காக்காரர் "அய் காம்போ?" என்பார். மூவருக்குமே நீங்கள் சித்தியோ என்றே பதில் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.