பிள்ளையின் முதல் இலையுதிர் காலம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வணக்கம். ரொறன்ரோவில் காலை வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும், இந்த வருடமும் அப்படித்தான். பிறந்த பிள்ளைகளின் வார்டில் 22 வருடம் தாதியாக வேலை செய்தேன், என் மூன்று பிள்ளைகளும் இங்கேதான் வளர்ந்தார்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றியவை. எனக்குக் குளிரை விட, குளிருக்குப் பயந்து நாங்கள் செய்கிற வேலைகளில்தான் கவலை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி (ஸ்காபரோ, மூன்று மாத மகன்): அக்கா, இரவில் குளிரும் என்று மாமி இரண்டு போர்வையும் தொப்பியும் போட்டுத்தான் படுக்க வைக்கிறா. அப்படியும் மகனின் கை ஐஸ் மாதிரி இருக்கிறது. எவ்வளவு உடுப்புப் போட வேண்டும்?

தங்கச்சி, கையைத் தொட்டு முடிவெடுக்காதீர்கள். இந்த வயதில் இரத்த ஓட்டம் கை கால் நுனிவரை இன்னும் வடிவாகப் போகாது, அதனால் கை குளிர்ந்துதான் இருக்கும். உங்கள் இரண்டு விரலைக் கழுத்துக்குப் பின்னால், சட்டைக்குள் விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக, காய்ந்து இருந்தால் போதும். ஈரமாக இருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள்.

என் மூத்தவன் ஆகஸ்டில் பிறந்தவன். முதல் ஒக்டோபரில் பனியன், நூல் சட்டை, கம்பளிச் சட்டை, அதற்கு மேலே அம்மா ஊரிலிருந்து அனுப்பிய கம்பளிப் போர்வை என்று சுற்றி வைத்திருந்தேன். இரவெல்லாம் அழுதான். வயிற்றுக்குத்து என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுக்கலாமா என்று கூட யோசித்தேன். ஒரு நாள் விடியற்காலையில் கழற்றிப் பார்த்தால் பிடரி முழுக்க வேர்க்குரு, சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. நான் அப்போது தாதிப் படிப்பு முடித்தவள், மற்றப் பிள்ளைகளுக்கு எது சரி என்று எனக்குத் தெரியும், என் பிள்ளையிடம் வரும்போது பயம்தான் முன்னுக்கு நின்றது. ஆகையால் உங்கள் மாமியின் பயம் எனக்கு நன்றாக விளங்கும்.

அறை 20 முதல் 22 பாகை இருந்தால், உள்ளே ஒரு நூல் உடுப்பு, அதற்கு மேல் கை வெளியே இருக்கிற மாதிரியான ஸ்லீப் சாக், அதாவது பை போலத் தைத்த படுக்கை உடுப்பு. அவ்வளவுதான். ஒரு வயது வரை தொட்டிலில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம், முகத்தை மூடினால் விலக்கிவிட அவனால் முடியாது. வீட்டுக்குள் நித்திரை கொள்ளும்போது தொப்பியும் வேண்டாம், உடம்பு சூடேறினால் பிள்ளை அதைத் தலைவழியாகத்தான் வெளியேற்றும். மாமியோடு வாதாடாமல், அடுத்த முறை அவவின் கையைப் பிடித்துப் பிள்ளையின் பிடரியில் வைத்துக் காட்டுங்கள். வார்டில் நான் எத்தனையோ அம்மம்மாமார், அப்பம்மாமாருக்கு இப்படித்தான் காட்டியிருக்கிறேன்.

கேள்வி (மார்க்கம்): கடையில் வடிவான தடித்த ஸ்னோ சூட் வாங்கினோம். அதோடேயே கார் சீற்றில் இருத்தலாமா?

இல்லை. இது ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தடித்த உடுப்புக்குள் இருப்பது காற்று. கார் மோதினால் அந்தக் காற்று அமுங்கி, இறுக்கமாக இருந்த பட்டி சட்டென்று தளர்ந்துவிடும், பிள்ளை வழுகி வெளியே வரலாம். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஸ்னோ சூட்டோடு இருத்திப் பட்டியை இறுக்குங்கள், பிறகு பட்டியைத் தளர்த்தாமல் பிள்ளையைத் தூக்கி, சூட்டைக் கழற்றி, மறுபடி இருத்துங்கள். எவ்வளவு இடைவெளி என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். மெல்லிய உடுப்போடு இருத்தி, தோளில் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். போர்வையைப் பட்டிக்கு மேலே போட்டுவிடுங்கள். கார் சூடானதும் எடுத்துவிடலாம்.

கேள்வி (பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா): பிள்ளை, முழுக வார்த்துச் சாம்பிராணி பிடிக்காமல் எப்படி? மகள் வேண்டாம் என்கிறாள்.

அம்மா, எண்ணெய் தேய்க்கிறதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் கைச்சூட்டில் தேங்காயெண்ணெய் தடவி நீவி விடுங்கள், பேத்தி வடிவாக நித்திரை கொள்ளுவாள். ஆனால் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் எண்ணெய் விடாதீர்கள், மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தினமும் முழுக வார்க்கவும் தேவையில்லை. ஊரில் ஐப்பசி மழைக் காற்றில் ஈரம் இருக்கும், இங்கே ஐப்பசியில் ஹீற்றர் ஓடத் தொடங்கிவிடும், தோல் காய்ந்து வெடிக்கும். கிழமைக்கு இரண்டு மூன்று நாள், பத்து நிமிடத்துக்குள், போதும்.

சாம்பிராணியில் மகள் சொல்வதுதான் சரி. ஊரில் முற்றமும் ஓட்டு இடுக்கும் இருந்தன, புகை போய்விடும். இங்கே ஜன்னல் பூட்டிய அபார்ட்மென்றில் அது முழுவதும் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். இன்னொன்று, புகைக்கு அலாரம் அடிக்கிறது என்று பற்றரியைக் கழற்றி வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் ஒருபோதும் செய்ய விடாதீர்கள். சாமிக்குக் காட்டுவதென்றால் பிள்ளையை வேறு அறையில் விட்டு, ஜன்னலைத் திறந்து, கொஞ்சமாகக் காட்டுங்கள்.

கேள்வி (பிராம்ப்டன்): ஹீற்றர் போட்ட நாளிலிருந்து மூக்கடைப்பு, கன்னம் சிவந்து சொரசொரப்பாக இருக்கிறது. தடிமனா, அலர்ஜியா?

காய்ச்சல் இல்லை, பால் வழக்கம் போலக் குடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அநேகமாகக் காய்ந்த காற்றுதான். பத்துப் பதினைந்து டொலருக்கு ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி கிடைக்கும். 30க்கும் 50க்கும் இடையில் இருக்கட்டும். குறைந்தால் குளிர்ந்த ஆவி வருகிற ஹியூமிடிஃபையர் வையுங்கள், சுடுநீராவி வருவது வேண்டாம், தவழுகிற பிள்ளை இழுத்துக் கொட்டிவிடும். தண்ணியைத் தினமும் மாற்றிக் கழுவாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பால் கொடுக்க முன் மூக்கில் ஒரு சொட்டு உப்புநீர்த் துளி. கன்னத்துக்கு மணமில்லாத வசிலின், முழுகின ஈரம் காய முன் பூச வேண்டும். ஃபர்னஸின் பில்ற்றரையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், கோடை முழுக்கச் சேர்ந்த தூசி அதில்தான் இருக்கும். காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்றும் அதே நாளில் அமத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஏஜக்ஸ், நான்கு மாத மகள்): மூத்தவன் பள்ளிக்கூடத்திலிருந்து தடிமனைக் கொண்டு வருகிறான். சின்னவளை எப்படிக் காப்பாற்றுவது?

முழுக்கத் தடுக்க முடியாது. அவன் உள்ளே வந்ததும் கை கழுவி, பள்ளிச் சட்டையை மாற்றிவிட்டுத்தான் தங்கச்சியிடம் போகலாம், முகத்தில் கொஞ்சாமல் காலில் கொஞ்சலாம் என்று பழக்குங்கள். நான்கு வயதுப் பிள்ளை இதை ஒரு பெரிய பொறுப்பாக எடுத்துச் செய்யும்.

ஊசி விஷயம் முக்கியம். சின்னப் பிள்ளைகளை நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறதில் ஆர்எஸ்வி கிருமிக்குத்தான் முதல் இடம். அதற்கு எதிராக நிர்செவிமாப் என்று ஒரு ஊசி இருக்கிறது, ஒன்ராறியோவில் 2024 இலையுதிர் காலத்திலிருந்து முதல் வருடப் பிள்ளைகளுக்கு இலவசம். இந்தக் காலத்தில் பிறப்பவர்களுக்குப் பிறந்த இடத்திலேயே போடுவார்கள், உங்கள் மகளைப் போல முன்பே பிறந்தவர்களுக்குக் குடும்ப டொக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். கர்ப்பத்தில் நீங்கள் ஆர்எஸ்வி ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அநேகமாகப் பிள்ளைக்குத் தேவைப்படாது. ஃபுளூ ஊசி ஆறு மாதத்திலிருந்துதான் போடலாம், முதல் தடவை நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு. அதுவரை அவளுக்குக் காவல் நீங்கள்தான், ஆகவே வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் போடுங்கள்.

இருமல் பாணி கொடுக்காதீர்கள், கனடாவில் ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றுதான் போத்தலிலேயே எழுதியிருக்கும். தேனும் ஒரு வயது வரை ஒரு சொட்டுக் கூட வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த வயதானாலும் மூச்சு விடும்போது விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினால், உதடு நீலமானால் 911.

கேள்வி: நவம்பரில் மணி மாற்றும்போது நித்திரை குழம்புமா?

குழம்பும். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள், ஆறு மணிக்கு எழும்புகிற பிள்ளை அன்றைக்கு ஐந்துக்கு எழும்பும். அதற்கு முந்திய கிழமையிலிருந்தே படுக்கிற நேரத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் பதினைந்து நிமிடம் பிந்தி வையுங்கள், பாலையும் அதோடு சேர்த்து நகர்த்துங்கள். நாலைந்து நாளில் சரி.

கேள்வி (ஸ்காபரோ, ஏழு மாத மகன்): ரூஜ் பூங்காவில் மேப்பிள் இலைக் குவியலில் இருத்திப் படம் எடுக்க ஆசை. பயமில்லையா?

கட்டாயம் எடுங்கள். என் மகன் ஒருவனின் அந்தப் படம் இன்னும் வரவேற்பறையில் இருக்கிறது, ஒரு சிவப்பு இலையைக் கசக்கிச் சத்தம் கேட்டு வாயைத் திறந்தபடி இருப்பான். அடுத்த நொடி அது வாய்க்குள் போனது, ஆகையால் ஒருவர் படம் எடுக்க ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள். காய்ந்த இலை அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரூஜ் பக்கம் உண்ணி இருக்கிறது, குளிர் முற்றும் வரை அவை உயிர்ப்போடுதான் இருக்கும். ஒரு விரிப்புப் போட்டு அதில் நீங்களே கொஞ்சம் இலையைத் தூவுங்கள், வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள்.

கேள்வி: ஹாலோவீன் பூசணிக்காயை அவித்துத் தீத்தலாமா?

முகம் வெட்டுகிற அந்தப் பெரிய காயில் தண்ணியும் நாரும்தான், சுவை இல்லை. வெட்டி வாசலில் வைத்ததென்றால் தொடவே வேண்டாம். தமிழ்க் கடையில் துண்டாக விற்கிற பூசணியோ பட்டர்நட்டோ வாங்கி, மைசூர்ப் பருப்போடு குழைய அவித்து மசித்துக் கொடுங்கள். ஆறு மாதத்தோடு பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்துக் குறையத் தொடங்கும், வெறும் பூசணி அதற்குக் காணாது, பருப்பு, மஞ்சள் கரு, நன்றாக அரைத்த இறைச்சி என்று ஏதாவது சேர வேண்டும். உப்பு வேண்டாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தினமும் 400 அலகு வைற்றமின் டி துளியும் தர வேண்டும், இங்கே நவம்பருக்குப் பிறகு வெயில் இருந்தாலும் தோலுக்கு அது பயன்படாது.

கேள்வி (பிக்கரிங்): முதல் தீபாவளி. நாவூறு படாமல் கண்மை வைக்கலாமா, மத்தாப்புக் காட்டலாமா?

கண்ணுக்குள் மை வேண்டாம், பல மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. பாதத்தில் வைக்கலாம் என்பார்கள், ஆறு மாதப் பிள்ளை பாதத்தைத்தான் முதலில் வாய்க்குள் வைக்கும். நான் தண்ணியில் குழைத்த திருநீற்றுக் கீறு ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். வெளியே கொளுத்துகிற மத்தாப்பை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளே நின்று காட்டுங்கள், கண் விரிவதைப் பார்க்க அதுவே போதும்.

கேள்வி (ஒரு அப்பா): அக்கா, மனைவிதான் லீவில் இருக்கிறா. நானும் எடுக்கலாமா, எடுத்தால் வேலையில் என்ன நினைப்பார்களோ?

எடுங்கள் தம்பி. சாதாரணத் திட்டத்தில் பெற்றோருக்கான உதவிப்பணம் இருவருக்கும் சேர்த்து 40 கிழமை, ஒருவர் 35க்கு மேல் எடுக்க முடியாது. மிச்ச ஐந்தையும் நீங்கள் எடுக்காவிட்டால் அது வீணாகப் போகும். சம்பளத்தில் 55 வீதம்தான், அதற்கும் உச்ச வரம்பு உண்டு, வீட்டுக் கடன் இருக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை என்று தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியுமென்றால் நவம்பரில் எடுங்கள். ஏன் என்று அடுத்த கேள்வியில் தெரியும்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): அக்கா, நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அவர் வர ஏழு மணி. பிள்ளை அழும்போது நானும் அழுகிறேன். ஊரில் என்றால் பக்கத்து வீட்டு மாமி வந்து தூக்குவா. இங்கே யாருமில்லை. நான் நல்ல அம்மா இல்லையோ என்று தோன்றுகிறது.

தங்கச்சி, இதை எழுதியதே பெரிய விஷயம். நீங்கள் நல்ல அம்மாதான். வார்டில் உங்களைப் போல எத்தனையோ பேர் என் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள், படித்தவர்கள், கெட்டிக்காரிகள், முன்பே இரண்டு பிள்ளை வளர்த்தவர்கள். பிள்ளைப்பேறு முடிந்த உடம்பு, துண்டு துண்டான நித்திரை, அதற்கு மேல் இந்த இருட்டு. அழுகை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், பிள்ளை நித்திரையாக இருக்கும்போது கூட உங்களால் கண்ணை மூட முடியாவிட்டால், அது மருந்தும் பேச்சும் தேவைப்படுகிற ஒரு வருத்தம், குணமாகிற வருத்தம். குடும்ப டொக்டரிடம் இதே வசனங்களைச் சொல்லுங்கள். 811க்கு எடுத்தால் எந்த நேரமும் தாதி ஒருவர் கதைப்பார், தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேளுங்கள். உயிரை விட வேண்டும் என்றோ பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண், அல்லது நேரே ஆஸ்பத்திரி, அந்த நிமிடமே.

மற்றது, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவையாவது வெளியே போங்கள், மழையென்றாலும் சரி. பெற்றோரும் சின்னப் பிள்ளைகளும் வந்து கூடுகிற ஏர்லிஒன் நிலையங்கள் ஒன்ராறியோ முழுக்க இருக்கின்றன, பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை இலவசம், அங்கே போய்ப் பாயில் பிள்ளையை விட்டு ஒரு மூலையில் சும்மா இருந்தாலும் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் போனால் அதே முகங்கள் வரும். சமையலைப் பகலிலேயே முடித்துவிட்டு, நாலரையிலிருந்து ஏழு வரை வேறு வேலை வைக்காதீர்கள். எல்லா விளக்கையும் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து, ஆறு மணிக்குப் பிறகு ஊருக்கு வீடியோவில் எடுங்கள், அங்கே விடியப்போகிற நேரம் என்றாலும் அம்மா எழும்பித்தான் இருப்பா.

நாளைக்கு மூன்று மணிக்குப் பிள்ளையோடு தெரு முனை வரை போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.